தசைநார் அறுந்த முழங்காலோடு எட்டு மாதம்

கேள்வி: முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை எப்படிச் சமாளிப்பது?

நான் எட்டு மாதம் காத்திருந்தவன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், லாரிகளை எடைபோடும் இடத்தில் எனக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தோட்டத்துத் திடலில் பந்து விளையாடினோம். யாரும் என்னை இடிக்கவில்லை. இடது பாதம் புல்லில் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே காய்ந்த சுள்ளி ஒடிந்தாற்போல் ஒரு சத்தம். வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டி உரித்த தேங்காய் போல வீங்கிவிட்டது. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், ஏ.சி.எல். என்று சொல்லும் முன்பக்கக் குறுக்குத் தசைநார் முழுதாக அறுந்திருந்தது. உங்களுக்கு அறுந்தது எது என்று நீங்கள் சொல்லவில்லை. விளையாட்டில் அடிபடுபவர்கள் பலருக்கும் இதுதான் என்பதால் இதை வைத்தே எழுதுகிறேன்.

இத்தனை நாள் இழுத்தடிக்கிறார்களே, கால் பாழாகிவிடாதா என்று நானும் புலம்பியிருக்கிறேன். இந்தத் தசைநார் அறுந்தால் அன்றைக்கே அறுவை செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. வீங்கி விறைத்த முட்டியில் கத்தி வைத்தால் உள்ளே தழும்பு கட்டி, பிறகு கால் நீளவும் மாட்டாது, மடங்கவும் மாட்டாது என்ற நிலை வரலாம். வீக்கம் வற்றி, கால் நேராகி, தொடையில் வலு ஏறிய பிறகு செய்வதே நல்லது. ஆனால் முட்டி பூட்டுப் போட்டதுபோல் ஓரிடத்தில் நின்று நீளவே மறுத்தால் காத்திருக்காதீர்கள். கிழிந்த குருத்தெலும்புத் துண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும்.

முதல் மூன்று வாரம் நான் செய்த தவறு தலையணை. அம்மா தினமும் இரவு ஒரு தலையணையை என் முட்டிக்கு அடியில் பதமாக வைத்துவிட்டுப் போவார். என்ன சுகம்! இயன்முறை சிகிச்சைக்குப் போன முதல் நாளே அந்த மலாய்க்காரப் பெண் என் காலைப் பார்த்துவிட்டு "லுருஸ், லுருஸ்" என்றார். நேராக்கு, நேராக்கு. எனக்கோ காலை நேராகத்தான் வைத்திருப்பதாக நினைப்பு. முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே தன் மூன்று விரல்களை நுழைத்துக் காட்டினார். தலையணையின் சுகத்தில் கால் வளைந்தே பழகியிருந்தது. அன்றிலிருந்து துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முட்டி அந்தரத்தில் தொங்கித் தானாகத் தாழ வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. கூடவே தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது, காலை மடக்காமல் தூக்குவது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பயிற்சிகள்; செய்தால் வியர்க்கும். மூன்று விரல் இடைவெளி ஒரு விரலாகி, பிறகு ஒரு தாள்கூட நுழையாமல் போக ஆறு வாரம் ஆனது. உங்கள் காலுக்கு எது, எத்தனை முறை என்பதை உங்கள் சிகிச்சையாளர் சொல்லட்டும்.

சின்சே என்னும் சீன வைத்தியரிடமும் போனேன், மறைப்பானேன். சுடச்சுடத் தைலம் போட்டு அவர் உருவிய உருவலில், வற்றத் தொடங்கியிருந்த வீக்கம் மறுநாளே திரும்பி வந்தது. அறுந்த நார் உருவினால் ஒட்டாது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தது அதைவிட உதவியது.

உண்மையான ஆபத்து வலி போன பிறகு வருகிறது. நான்காம் மாதம் தாங்குகோலை மூலையில் சாத்திவிட்டு ராஜாவாக நடந்தேன். ஒரு நாள் லாரிக்காரர் பின்னாலிருந்து "அண்ணே!" என்று கூப்பிட்டார். சட்டென்று திரும்பினேன். பாதம் நின்றது, முட்டி நழுவியது. அந்த ஒரு திருப்பத்தில் குருத்தெலும்பும் கிழிந்து, கடைசியில் அதையும் சேர்த்துத் தைக்க வேண்டியதாயிற்று. நேராக நடப்பதால் பிரச்சினை இல்லை. காலை ஊன்றிக்கொண்டு திரும்புவதுதான் கூடாது. யாராவது கூப்பிட்டால் சிறு சிறு அடியாக வைத்து முழு உடம்போடு திரும்புங்கள். மழையில் நனைந்த தோட்டத்துச் செம்மண் பாதை அறவே வேண்டாம். மோட்டார் சைக்கிளை விற்றுவிடவில்லை, ஆனால் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்: கியர் போடுவதும் இடது கால், வண்டி சாய்ந்தால் தாங்குவதும் இடது கால்.

ஒற்றைத் தாங்குகோல் என்றால் நல்ல கால் பக்கம் பிடியுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் கால் முன்னே. சர்க்கரை நோய் இருந்தால் இப்போதே கட்டுக்குள் கொண்டுவாருங்கள், அது ஏறியிருந்தால் அறுவையைத் தள்ளிவைப்பார்கள். வலி மாத்திரையைக் கடையில் வாங்கி மிட்டாய் போல விழுங்காதீர்கள், வயிறும் சிறுநீரகமும் பாவம்.

பணத்தைப் பற்றி: அரசு மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க நான் கட்டியது 5 வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனால் உள்ளே பதிக்கும் திருகு போன்றவற்றுக்கு நாமே பணம் கட்ட வேண்டி வரலாம். எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். முடியாதென்றால் அங்குள்ள மருத்துவச் சமூகநலப் பிரிவில் மனுக் கொடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டிருந்தால், முதலாளி மூலம் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் உடனே பதிவு செய்துவிடுங்கள்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம். எங்கள் வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிவறை. முதல் வாரம் நான் பட்ட பாடு எனக்கும் அந்தச் சுவருக்கும்தான் தெரியும். அப்பா ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, நான்கு காலுக்கும் ரப்பர் மாட்டிக் கொடுத்தார். செலவே இல்லை. தேதி வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று நான் முதலில் தேடியது அதைத்தான்.