இயேசுவையே பிதா கைவிட்டார் என்றால், என்னைக் கைவிட எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது: திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறீர்கள். 21 நாள் உபவாசம் இருந்து ஜெபித்தும் அப்பா பிழைக்கவில்லை. பெரிய வெள்ளி ஆராதனையில், "பாவத்தைப் பார்க்க முடியாமல் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்று கேட்டதிலிருந்து மனசு உடைந்துவிட்டது. சபைக்காரர் ஒருவர், "ஏதாச்சும் மறைஞ்ச பாவம் இருக்குமுங்க, யோசிச்சுப் பாருங்க" என்கிறார்.

அந்தப் பிரசங்க வரியிலிருந்தே தொடங்குகிறேன். "முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்று நான்கு சுவிசேஷத்திலும் எங்கேயும் இல்லை. ஆபகூக் 1:13இன் முதல் பாதியை, "தீமையைப் பார்க்கமாட்டாத சுத்தக்கண்ணனே" என்பதை, இயேசு சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறுகிற மத்தேயு 27:46உடன் ஒட்டவைத்துச் சொல்வது அது. அதே வசனத்தின் இரண்டாம் பாதியையும் வாசியுங்கள். துரோகிகளைப் பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறீர் என்று ஆபகூக் தீர்க்கதரிசி கடவுளிடமே சண்டைக்கு நிற்கிறார். கடவுள் பார்க்கிறார் என்பதுதான் அவருடைய புகாரே. நம் கோவை, ஈரோடு பக்கத்து சபைகளில் பெரிய வெள்ளியன்று பகல் 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஆளுக்கொருவராகப் பேசும்போது, பாட்டும் ஜெபமும் போக ஒருவருக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. நான்காம் வார்த்தையான இந்தக் கதறலை அதற்குள் முடிக்க வேண்டும் என்றால் இப்படி ஒரு சுருக்கு வழி தேவைப்படுகிறது. பேசினவர்மேல் கோபப்படாதீர்கள், வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இயேசு கதறியது சங்கீதம் 22இன் முதல் வரி. மொத்தம் 31 வசனம். 21 வரைக்கும் புலம்பல், 22இலிருந்து துதி. 24ஆம் வசனம் நேராகவே சொல்கிறது: உபத்திரவப்பட்டவனை அவர் அற்பமாய் எண்ணவில்லை, "தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமலும்" கூப்பிட்டபோது கேட்டருளினார். எபிரெயர் 5:7உம் அவருடைய கண்ணீரும் சத்தமும் கேட்கப்பட்டதாகவே சொல்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு, "அவர் சும்மா சங்கீதம்தான் சொன்னார், வலியெல்லாம் இல்லை" என்று மறுபக்கம் சாய்வதும் தப்பு. அவர் வாயிலிருந்து வந்தது துதிப் பகுதி கிடையாது, முதல் வரி. அந்தக் கைவிடப்பட்ட உணர்வு நிஜம்.

பாவநிவாரணம், அதாவது பாவம் நீக்கப்படுவது, என்றதும் பலருக்கும் மனசில் வருகிற படம், கோபக்காரப் பிதா மேலே, அடி வாங்கும் மகன் கீழே. லேவியராகமம் 16ஐ நிதானமாக வாசித்தால் அந்தப் படம் நிற்காது. ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பிரதான ஆசாரியன் சாதாரணச் சணல்நூல் உடுப்போடு, வருஷத்துக்கு ஒரே நாள், கடவுளின் சந்நிதியை மறைக்கும் திரைக்குள்ளே போகிறான். இரண்டு வெள்ளாட்டுக்கடா. ஒன்றின் இரத்தம் திரைக்கு உள்ளே தெளிக்கப்படுகிறது. இன்னொன்றின் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். கடவுள் கோபத்தில் எழுந்து போய்விட்டதாக அங்கே ஒரு வரி இல்லை. அசுத்தமான ஜனங்களின் நடுவில் அவர் தொடர்ந்து குடியிருக்க அவரே கொடுத்த ஏற்பாடு அது. இப்போது மத்தேயு 27:51க்கு வாருங்கள். இயேசு உயிர்விட்டதும் அதே திரை மேலிருந்து கீழாகக் கிழிகிறது. விலகிப் போகிறவர் எதற்காகத் திரையைக் கிழிக்க வேண்டும்? "தேவன் கிறிஸ்துவுக்குள்" உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுவது (2 கொரிந்தியர் 5:19) இதைத்தான். தண்டனையை இயேசு நம் இடத்தில் சுமந்தார் என்பதை அழுத்திச் சொன்ன 16ஆம் நூற்றாண்டு சீர்திருத்தவாதி கால்வின்கூட, பிதா ஒருபோதும் அவருக்கு விரோதியாகவோ அவர்மேல் கோபமாகவோ இருந்ததாகத் தாம் சொல்லவில்லை என்று தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்து அந்த 'மறைஞ்ச பாவம்'. குற்றவுணர்வும் கைவிடப்பட்ட உணர்வும் வேறு வேறு, இரண்டையும் குழப்பினால் மருந்து மாறிவிடும். குற்றவுணர்வுக்கு விலாசம் உண்டு: இன்னாருக்கு, இன்ன தேதியில், இன்னது செய்தேன் என்று சொல்ல முடியும். அப்படி ஏதாவது இருந்தால் வழி சுலபம். ஒரு டெய்லரின் கூலியில் 10,000 ரூபாய் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். லேவியராகமம் 6:5 கணக்குப்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 12,000 ஆக அவர் கையில் கொடுங்கள். காணிக்கைப் பெட்டியில் போட்டால் அது தீராது. பிறகு அறிக்கையிட்டுவிட்டு எழுந்திருங்கள். கத்தோலிக்கர் என்றால் பாவசங்கீர்த்தனம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் நற்கருணைக்கு முந்தின பொது அறிக்கை. முடிந்தது. விலாசமே இல்லாமல் எல்லாவற்றின்மேலும் படர்கிற பாரம் பாவ விஷயமே கிடையாது. அதற்குப் பாவம் தேடினால் தினமும் ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும், பாரம் மட்டும் இறங்காது. யோபுவின் துன்பத்துக்கு அவர் பாவம்தான் காரணம் என்று அவருடைய சிநேகிதர்கள் செய்தது இதைத்தான். யோபு 42:7இல் கடவுள் கோபப்பட்டது அவர்கள்மேல்.

உபவாசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேண்டுதல் வைத்து மொட்டை போடுவதும் பண்ணாரியில் குண்டம் இறங்குவதும் இந்த மண்ணின் வழக்கம். அந்தக் கணக்கு சபைக்குள்ளேயும் வேஷம் மாறி வந்துவிடுகிறது: 21 நாள் போதவில்லை, 40 நாள் இருந்திருக்கணும், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) பாக்கி இருந்ததோ என்று. சிலுவையில் செலுத்தியாகிவிட்டது என்று நம்புகிறவர் தவணை கட்ட வேண்டியதில்லை. உங்கள் உபவாசம் குறைந்ததால் அப்பா போகவில்லை.

இப்போதைக்கு ஜெபிக்க வார்த்தை வராது. சங்கீதம் 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறது. அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. வாய்விட்டு வாசியுங்கள், ஒவ்வொரு "எதுவரைக்கும்" என்பதற்குப் பிறகும் உங்கள் விஷயத்தைப் பெயரோடு சொல்லுங்கள். 5ஆம் வசனத்தை மனசு ஒப்பவில்லை என்றால் 4ஓடு நிறுத்திக்கொள்ளலாம். துதிக்குத் தாவச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களுக்கு 88ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். அது இருட்டிலேயே முடிகிறது, அப்படியும் வேதத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்களிடம் முதலிலேயே, "காரணம் சொல்ல வேண்டாமுங்க, கூட உக்காந்திருந்தாப் போதும்" என்று சொல்லிவிடலாம், தப்பில்லை.

இன்னொன்று. 1 இராஜாக்கள் 19இல், சாகணும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், அதுவும் இரண்டு தடவை, நடுவில் தூக்கம். கடவுள் பேசினது அதற்குப் பிறகு. நைட் ஷிப்ட், வெறும் டீ, தூக்கமில்லாத இரவு என்று போனால் எந்த வசனமும் உள்ளே இறங்காது. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்வார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டு நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.