கோல் கம்பத்தை விட்டுப் பந்தயப் பாதைக்கு: 33 வயதில் தொடங்கலாமா?

கேள்வி: நான் தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றின் கோல்கீப்பர். வயது 33. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு பருவம் இருக்கிறது. சிறு வயதிலிருந்தே எனக்குக் கார் பந்தயத்தின் மீது தீராத ஆசை. பிரான்ஸ் நாட்டின் கோல்கீப்பர் ஃபாபியன் பார்த்தேஸ் கால்பந்திலிருந்து விலகிப் பந்தய ஓட்டுநரானதைப் பார்த்த பிறகு அந்த ஆசை வலுத்துவிட்டது. இது வயது கடந்த ஆசை, சேமிப்பைக் கரைத்துவிடும் என்று என் மனைவி அஞ்சுகிறார். ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே விலகிப் பந்தயத்தில் இறங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இந்த வயதில் தொடங்க முடியுமா என்பது ஒன்று. அதற்காக ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு முடியும் என்றும், இரண்டாவதற்கு வேண்டாம் என்றும் பதில் சொல்கிறேன். இரண்டு பதில்களுக்கும் காரணம் நீங்கள் முன்மாதிரியாகக் கொண்டிருக்கும் பார்த்தேஸின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1998 உலகக் கோப்பையில் தொடங்கி, பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்குத் தாவிவிடுகிறார்கள். உங்களுக்குப் பயன்படக்கூடியது அவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள காலம். 1971இல் பிறந்த பார்த்தேஸ், 1993இல் மார்செய் அணியோடு கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 1998 உலகக் கோப்பையில் பிரான்ஸ் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் விட்டது இரண்டே கோல்கள். யூரோ 2000 கோப்பையையும், மான்செஸ்டர் யுனைடெட் அணியில் இரண்டு லீக் பட்டங்களையும் வென்று, 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டம்வரை சென்று, 87 சர்வதேச ஆட்டங்களோடு தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். ஆனால் கழகக் கால்பந்தில் அவருடைய முடிவு அவ்வளவு அழகாக அமையவில்லை. 2006 இலையுதிர் காலத்தில் ஓய்வை அறிவித்தவர், சில வாரங்களிலேயே மனம் மாறி நாந்த் அணிக்கு வந்தார். பருவம் முடியும் முன்பே அங்கிருந்து விலகினார். அந்த அணியும் முதல் பிரிவிலிருந்து கீழிறங்கியது. எந்த விளையாட்டு வீரருக்கும் இப்படிப்பட்ட முடிவு கசப்பையே தரும். அத்தகைய முடிவை நீங்களாகத் தேடிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

2008இல் அவர் போர்ஷே கரேரா கப் பிரான்ஸ் தொடரில் பந்தயம் ஓட்டத் தொடங்கினார். அப்போது அவருக்கு உங்களைவிட வயது கூடுதல். ஒரே வகைக் கார்களை மட்டுமே கொண்டு நடக்கும் தொடர் அது. எனவே நேர வித்தியாசத்துக்குக் காரை அதிகமாகக் குறை சொல்ல முடியாது. உலகக் கோப்பையை வென்ற ஒருவர், தன்னைவிட இளைய, பெயர் தெரியாத ஓட்டுநர்களுக்குப் பின்னால் ஓடி முடிக்கும் நிலையை ஏற்றுக்கொண்டார். அதன்பின் ஜிடி கார்களுக்கு, அதாவது சாலையில் ஓடும் விளையாட்டுக் கார்களைப் பந்தயத்துக்காக மாற்றியமைத்த வகைக்கு மாறி, 2013இல் ஃபெராரி 458 காரில், மோர்கன் மூலான்-திராஃபோரை இணை ஓட்டுநராகக் கொண்டு பிரெஞ்சு ஜிடி பட்டத்தை வென்றார். தொடக்கத்திலிருந்து பட்டம்வரை ஐந்து ஆண்டுகள். அடுத்த ஆண்டுதான் லெ மான். நீங்களும் இந்த ஐந்து ஆண்டுகளைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். இரண்டே பருவங்களில் பெயர் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், அதை இப்போதே விட்டுவிடுவது உங்களுக்கு நல்லது.

அவர் தேர்ந்தெடுத்த பந்தய வகையையும் கவனியுங்கள். ஃபார்முலா வகை ஒற்றை இருக்கைக் கார்களில், ஏழெட்டு வயதிலேயே கார்ட்டிங் எனும் சிறுவண்டிப் பந்தயத்தைத் தொடங்கியவர்களோடு போட்டியிட வேண்டும். அங்கே 33 வயதுக்காரருக்கு எதிர்காலம் இல்லை என்று தயங்காமல் சொல்வேன். நீண்ட நேர ஜிடி பந்தயங்களின் அமைப்பே வேறு. சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு ஓட்டுநர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு முதல் உரிமம் பெற்று, ஒற்றை இருக்கைக் கார் அனுபவமும் இல்லாதவர் பொதுவாக வெண்கலத் தரத்தில் சேர்க்கப்படுவார். இன்று லெ மானில் ஓடும் ஜிடி3 வகைக் கார்களுக்கான எல்எம்ஜிடி3 பிரிவில் கார் ஒவ்வொன்றிலும் வெண்கல ஓட்டுநர் ஒருவராவது இருந்தே தீர வேண்டும் என்பது விதி. ஆகவே, தாமதமாக வந்தவருக்கு இந்த விளையாட்டு இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறது. வெண்கல ஓட்டுநர்களில் வேகமானவரை அணிகள் தேடிப் பிடிக்கின்றன. நீங்கள் குறி வைக்க வேண்டிய இடம் அதுதான். ஜிடி3 கார்களில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பும், சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் அமைப்பும் அனுமதிக்கப்படுவதால், காரின் எல்லையைப் படிப்படியாக நெருங்கிக் கற்கவும் வழி இருக்கிறது.

இந்த வகைப் பந்தயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே காரை இருவரோ மூவரோ மாறி மாறி ஓட்டுவது. அனுபவமுள்ள இணை ஓட்டுநரின் சுற்றும் உங்கள் சுற்றும் கணினித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைபடமாகத் தெரியும். எந்த வளைவில் நீங்கள் சீக்கிரமாக பிரேக் பிடித்தீர்கள், எங்கே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத் தயங்கினீர்கள், அதனால் எத்தனை பத்தில் ஒரு பங்கு நொடிகள் போயின என்பதையெல்லாம் அதில் காணலாம். இதைப் போன்ற கண்டிப்பான ஆசிரியர் வேறில்லை. நல்ல இணை ஓட்டுநரைத் தேடுவதில், காரைத் தேடுவதைவிட அதிக அக்கறை காட்டுங்கள்.

கோல்கீப்பராக இருந்தது உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல விரும்புகிறேன். நிச்சயம் உதவும். நெடுநேரம் பந்தே வராமல் நின்றுவிட்டு, திடீரென்று ஒரு நொடியில் சரியான முடிவை எடுக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு. தவறு செய்த அடுத்த நிமிடமே அதை மறந்து ஆட்டத்தைத் தொடரவும் தெரியும். லெ மானில் ஓர் ஓட்டுநர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேலும், மொத்தத்தில் பதினான்கு மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த நேரம் முழுவதும், இரவிலும் மழையிலும், கவனம் கலையாதிருக்க இந்தப் பழக்கம் கைகொடுக்கும். டயரின் பிடிமானம் குறைவதை உடலால் உணர்வதும், பிரேக்கை மெல்ல விடுவித்தபடியே வளைவுக்குள் நுழைவதும் மட்டும் கால்பந்து கற்றுத் தராதவை. அவற்றுக்கு ஓட்டும் மணி நேரங்களைத் தவிரக் குறுக்கு வழி கிடையாது. அவசரத்தின் விலைக்கும் உதாரணம் உண்டு. புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ், பாலைவனங்களைக் கடந்து ஓடும் டக்கார் ராலியில் 2018இல் முதன்முறையாக இறங்கி, தொடக்க நாட்களிலேயே மணற்குன்றில் மோதி, முதுகில் அடிபட்டு விலக நேர்ந்தது.

உங்கள் மனைவியின் அச்சம் நியாயமானது. ஜிடி பந்தயத்தில் வெண்கல ஓட்டுநர் பெரும்பாலும் சம்பளம் வாங்குவதில்லை. இருக்கைக்காக அவரே பணம் கட்டுகிறார், அல்லது விளம்பரதாரரைக் கொண்டுவருகிறார். டயர், எரிபொருள், பயிற்சி நாட்கள், விபத்து நேர்ந்தால் பழுதுபார்ப்புச் செலவு எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும். சேதச் செலவு யாருடையது என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் பெறுங்கள். பலர் தடுக்கி விழுவது அங்கேதான். ஒரு பருவத்துக்கென்று தொகையை இருவரும் சேர்ந்து முடிவு செய்து, குடும்பச் சேமிப்பிலிருந்து அதைத் தனிக் கணக்கில் பிரித்து வையுங்கள். சொந்தமாகப் பந்தயக் கார் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

ஒப்பந்தத்தை முறித்தால் வருமானம் நிற்பதோடு, விளம்பரதாரர்களிடம் உங்களுக்கு இருக்கும் மதிப்பும் குறையும். ஆடும் வீரரின் பெயருக்கு இருக்கும் ஈர்ப்பு, சச்சரவோடு விலகியவரின் பெயருக்கு இராது. எனவே இந்தப் பருவத்தை முழுமையாக ஆடி முடியுங்கள். ஆபத்தான விளையாட்டுகளில் ஈடுபடுவதைத் தடுக்கும் விதி பல தொழில்முறை ஒப்பந்தங்களில் இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல், பயிற்சி ஓட்டம் என்றாலும் பாதையில் இறங்காதீர்கள். அதுவரை சிமுலேட்டரில் பழகலாம், பந்தய நாட்களில், டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் கார்கள் வந்து நிற்கும் பிட் பகுதியில் ஓர் அணியோடு நின்று வேலைகளைக் கவனிக்கலாம். அந்தக் கவனிப்பு வேறொரு கதவையும் திறக்கக்கூடும்: பார்த்தேஸ், முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஒலிவியே பனிஸோடு இணைந்து பனிஸ்-பார்த்தேஸ் என்ற அணியையே தொடங்கினார், 2016இல் அந்த அணியின் காரிலேயே மீண்டும் லெ மானில் ஓடினார்.

ஒப்பந்தம் முடிந்ததும், ஒரே வகைக் கார்கள் ஓடும் தொடர் ஒன்றின் அணியிடம் வாடகைக்கு இரண்டு மூன்று பயிற்சி நாட்கள் கேளுங்கள். அவர்களுடைய வழக்கமான ஓட்டுநரை அதே நாளில், அதே காரில் ஓட்டச் சொல்லி, இரண்டு சுற்றுகளின் தரவையும் கேட்டு வாங்குங்கள். முதல் நாளில் இருக்கும் இடைவெளி பெரியதாக இருந்தாலும் கவலையில்லை. கடைசி நாளுக்குள் அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதல் பருவத்துக்கான தொகையைக் கட்டுவதா என்று அதன்பின் முடிவு செய்யுங்கள்.