1908 கல்வெட்டில் ஓர் எம்.எல்.சி.: விக்டோரியா மேலவை உறுப்பினரைப் பற்றி எழுதும்போது எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறேன். எங்கள் புறநகரின் பழைய பொதுமண்டபத்தைப் பற்றி நண்பர்கள் சேர்ந்து ஒரு கையேடு தயாரிக்கிறோம். 1908-இல் அடிக்கல் நாட்டியவரின் பெயருக்கு முன்னால் ‘ஆனரபிள்’ என்றும் பின்னால் ‘எம்.எல்.சி.’ என்றும் கல்லில் இருக்கிறது. விக்டோரியா மேலவை உறுப்பினர் பட்டியல்களைப் பார்த்தேன். 1904–1907, 1907–1910 இரண்டிலும் அவர் பெயர் உண்டு. ஆனால் 1907 தேர்தலில் அவர் நின்றதாக ஒரு செய்திகூட இல்லை. பட்டியல் தவறா? அவரை ‘மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர்’ என்று எழுதலாமா? ஸ்பிரிங் தெரு நாடாளுமன்றத்தில் மேலவை கூடும் சிவப்பு மண்டபப் படத்தை அவர் பெயரோடு போடலாமா?

பதில்: பட்டியலில் தவறில்லை. 1907-இல் அவர் தேர்தலில் நிற்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

விக்டோரியா மேலவையில் அன்றைக்கு ஒருவரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். ஒவ்வொரு முறையும் பாதி இடங்களுக்கு மட்டும். தொகுதியை அன்று அங்கே ‘ப்ராவின்ஸ்’ என்றார்கள். 1904-இல் 17 ப்ராவின்ஸ்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறுப்பினர்கள். இருவரும் ஒரே நேரத்தில் வெளியேற மாட்டார்கள். முதல் சுற்றில் ஒருவரின் காலம் 1907-லேயே முடியும், மற்றவருக்கு 1910 வரை ஓடும். உங்கள் ஆள் அந்த இரண்டாமவராக இருந்திருக்கலாம். பட்டியல்களோ ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவே அவையில் யார் யார் இருந்தார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன. ஒரே பதவிக்காலம் இரண்டு பட்டியலில் விழுவது இதனால்தான். இதைப் பார்த்துவிட்டு ‘இரண்டு முறை வென்றார்’ என்று உள்ளூர் வரலாறுகளில் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்றைக்குச் சட்டப்பேரவையைக் கலைத்தால் மேலவை கூடவே கலையாது. பேரவைத் தேர்தல்கள் 1904, 1907, 1908, 1911, 1914 என்று வந்தன. மேலவைக்கு 1904, 1907, 1910, 1913 என்று தனிக் கணக்கு. 1908 டிசம்பரில் நடந்தது பேரவைத் தேர்தல். அந்தச் செய்திகளில் உங்கள் ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

பட்டியல் 1904-இல் தொடங்குவதால் அவருடைய பதவியும் அந்த ஆண்டுதான் தொடங்கியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரசாங்கச் செலவைக் குறைக்க வேண்டும் என்று எழுந்த கோரிக்கையின் தொடர்ச்சியாக 1903-இல் ஒரு சட்டம் வந்தது. 48 ஆக இருந்த மேலவை உறுப்பினர் எண்ணிக்கையை அது 35 ஆக்கியது. அதில் ஓரிடம் ரயில்வே ஊழியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் என்று தனியாக ஒதுக்கப்பட்டது. அரசு ஊழியர்கள் பொதுத் தொகுதிகளில் வாக்களித்துத் தேர்தலையே சாய்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் செய்த ஏற்பாடு அது. சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். பிறகு 34 உறுப்பினர்கள். இந்த மாற்றத்தில் பழைய ப்ராவின்ஸ்கள் சில மறைந்தன, மெல்பர்ன் கிழக்கு, மெல்பர்ன் வடக்கு, கிழக்கு யாரா, பெண்டிகோ போன்ற புதியவை வந்தன. மெல்பர்னின் பிரின்சஸ் தியேட்டரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் வில்லியம் பிட் இதற்கு நல்ல உதாரணம். அவர் 1891-லேயே நார்த் யாரா ப்ராவின்ஸிலிருந்து மேலவைக்குப் போனவர். 1904-இல் அந்த ப்ராவின்ஸ் மறைந்தது, அவரோ 1910 வரை உறுப்பினராக இருந்தார். உங்கள் ஆளையும் 1904-க்கு முந்தைய பட்டியல்களில், வேறு ப்ராவின்ஸ் பெயரின் கீழும், ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சரி, ‘மக்கள் தேர்ந்தெடுத்த’ என்ற சொற்களுக்கு வருவோம். உங்கள் கையேட்டில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுக்கு எம்.எல்.சி. என்றதும் 1986-இல் நீக்கப்பட்ட நம் மேலவை ஞாபகம் வரும். எம்.எல்.ஏ.க்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள், ஆசிரியர்கள், பட்டதாரிகள் எனத் தனித்தனிக் குழுக்கள் அனுப்பிய உறுப்பினர்களும் நியமன உறுப்பினர்களும் சேர்ந்த அவை அது. விக்டோரியா மேலவைக்கு நேரடித் தேர்தல். ஆனால் அன்றைக்கு வாக்கு எல்லோருக்கும் கிடையாது. 1903 சட்டத்தின்படி சொந்த நிலமோ வீடோ இருந்தால் அதன் ஆண்டு மதிப்பு 10 பவுன், குத்தகையோ வாடகையோ என்றால் 15 பவுன் இருக்க வேண்டும். பட்டதாரிகள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், மதகுருமார்கள் போன்றவர்களுக்குச் சொத்து இல்லாவிட்டாலும் வாக்கு உண்டு. உறுப்பினராக நிற்க ஆண்டுக்கு 50 பவுன் மதிப்புள்ள சொந்த நிலம் தேவை. அதற்கு முன் 100 பவுன். ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துத் தொழிற்சாலைக்குப் போய் வந்த ஆண் பேரவைக்கு வாக்களித்தார், மேலவைக்கு அவரால் முடியவில்லை. பெண்களுக்கு விக்டோரியாவில் வாக்குரிமை தந்தது 1908-இல் இயற்றிய சட்டம்; மேலவைக்கு அவர்களுக்கும் அதே சொத்துத் தகுதிதான். வயது வந்த எல்லோருக்கும் மேலவை வாக்கைத் தரும் சட்டம் 1950 வரை வரவில்லை. அந்த அவையில் முதல் பெண் உறுப்பினர்கள் உட்கார்ந்தது 1979-இல்.

அது போக, போட்டியே இல்லாமல் பல இடங்கள் நிரம்பின. எதிர்த்து யாரும் மனு கொடுக்காவிட்டால் வாக்குப்பதிவு நடக்காது. உங்கள் ஆள் அப்படி வந்திருந்தால் யாருமே அவருக்கு வாக்களிக்கவில்லை என்றுதான் பொருள். ஆகவே ‘மக்கள் தேர்ந்தெடுத்த’ என்பதை எடுத்துவிடுங்கள். ‘சொத்துத் தகுதி பெற்ற வாக்காளர்களின் பிரதிநிதி’ என்று எழுதினால் அவருக்கும் குறைவில்லை, அந்த மண்டபத்தைக் கட்டிய கூலித் தொழிலாளிகளுக்கும் அநியாயம் செய்யாமல் இருப்போம்.

‘ஆனரபிள்’ என்ற அடைமொழியை வைத்து அமைச்சர் என்றும் எழுத வேண்டாம். மேலவை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கு அந்தப் பட்டம் இருந்தது. அமைச்சராக இருந்தாரா என்பதைத் தனியாகத்தான் உறுதி செய்ய வேண்டும்.

எங்கே உறுதி செய்வது? விக்டோரியா நாடாளுமன்றமே முன்னாள் உறுப்பினர்களின் விவரத் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. ப்ராவின்ஸ், தொடக்கம், முடிவு, வகித்த பதவிகள் எல்லாம் அதில் கிடைக்கும். அப்புறம் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடுங்கள். பெயரை மட்டும் போடாமல் ப்ராவின்ஸ் பெயரையும் சேர்த்து, தேர்தல் ஆண்டின் மே, ஜூன் மாதங்களைப் பாருங்கள். போட்டி இருந்ததா, எத்தனை வாக்கு என்பது அங்கே தெரியும். உறுப்பினர் இறந்தோ விலகியோ இடைத்தேர்தல் வந்தால், புதியவருக்கு மிச்சமிருந்த காலம் மட்டும்தான். மூன்று, ஆறு என்று பொருந்தாத ஆண்டுகள் வந்தால் அதுதான் காரணமாக இருக்கும்.

இந்த முறையை மற்ற மாநிலங்களுக்கு அப்படியே கொண்டு போகாதீர்கள். நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் அந்தக் காலத்தில் மேலவைக்குத் தேர்தலே கிடையாது. அரசின் ஆலோசனைப்படி ஆளுநர் ஆயுளுக்கும் நியமிப்பார். அங்கே பதவி முடியும் தேதி பெரும்பாலும் இறந்த தேதியாகவோ விலகிய தேதியாகவோ இருக்கும். குயின்ஸ்லாந்து மேலவை 1922-இல் முற்றிலும் ஒழிக்கப்பட்டது. அதற்கென்றே நியமிக்கப்பட்ட உறுப்பினர்கள் வாக்களித்து அதை முடித்துவைத்தார்கள்.

கடைசியாகப் படம். சிவப்பு மண்டபத்தை அவர் பெயரோடு போட வேண்டாம். 1901-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தபோது ஸ்பிரிங் தெருக் கட்டடத்தை மத்திய நாடாளுமன்றத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1927-இல் அது கான்பராவுக்குப் போகும் வரை அந்தச் சிவப்பு மண்டபத்தில் கூடியது மத்திய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட். விக்டோரியா நாடாளுமன்றம் கார்ல்டனில் உள்ள கண்காட்சிக் கட்டடத்தில் இயங்கியது. 1908-இல் உங்கள் ஆள் மேலவைக் கூட்டத்துக்குப் போனது அங்கேதான். கண்காட்சிக் கட்டடத்தின் அந்தக் காலப் படம் ஒன்றைப் போட்டு, கீழே அவர் ப்ராவின்ஸையும் பதவிக்காலத்தையும் எழுதினால் போதும்.