டைம்ஸ் ஸ்குவேர் தீம் பார்க்குக்கு செல்ஃபி ஸ்டிக் கொண்டு போகலாமா?

கோலாலம்பூருக்குப் பிள்ளைகளோடு வருகிறீர்கள், சரி. நுழைவாயிலிலேயே கேட்டுவிடுங்கள். ஆனால் ரோலர் கோஸ்டரில் வெளியே எடுக்கவே கூடாது. உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டினாலும் எதிலும் இடிக்காத அளவுக்குத்தான் தண்டவாளத்தைச் சுற்றி இடம் விடுவார்கள். கம்பு அந்த எல்லையைத் தாண்டிவிடும். இங்குள்ள சூப்பர்சோனிக் ஒடிசி என்ற ரோலர் கோஸ்டர் கட்டடத்துக்குள்ளேயே தலைகீழாகச் சுழல்கிறது; கை நழுவினால் போன் யார் தலையில் விழுமோ!

2015 ஜூனில் கலிஃபோர்னியா டிஸ்னியில் ஒருவர் ஓடும் ரோலர் கோஸ்டரில் கம்பை நீட்ட, வண்டியையே நிறுத்தினார்கள். அம்மாத இறுதியில் அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் அதற்குத் தடை வந்தது. அங்கே பையில் வைத்திருந்தாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

வரிசையில் நிற்கும்போதும் மடக்கியே வையுங்கள், பின்னால் நிற்பவர் கண்ணில் குத்தும். குடும்பப் படம்தானே? "அண்ணே, ஒரு படம் எடுத்துக் கொடுங்க" என்றால் நம் ஊரில் மறுப்பவர் குறைவு.