கொட்டகைக் குடித்தனம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வீட்டைப் பிரித்து வேலை பார்த்த வருடம் நீங்களும் குடும்பத்தோடு தோட்டத்துக் கொட்டகையில் தங்கியிருந்ததாகப் பழைய கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது 3 ஏக்கர். பாதி மா, மீதி கொய்யாவும் எலுமிச்சையும். பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு, சமையலறையைப் பெரிதாக்கி, குளியலறையை உள்ளே கொண்டுவர நினைத்தோம். 2 மாதம் என்றார் மேஸ்திரி. இது 5ஆவது மாதம். பழம் அடுக்கும் கொட்டகையில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர் இருக்கிறோம். ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் பழக்கூடை, மூலையில் அடுப்பு. இதற்கு நடுவில் மாங்காய் பறிப்பும் வந்துவிட்டது.

கணவர் விடிவதற்குள் மரத்தடிக்குப் போய்விடுகிறார். மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்பது நான். சமையலறை ஜன்னல் பழைய இடத்திலேயே வேண்டும் என்று மாமியார் தினமும் சண்டை போடுகிறார். சின்னவன் மட்டும் ‘இங்கேயே இருந்துவிடலாமே’ என்கிறான். பறிப்பு வரும் என்று தெரிந்தும் வேலையை ஆரம்பித்தது எங்கள் முட்டாள்தனமா? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

இந்தப் பதிலை முழுக்கப் படிப்பதற்கு முன் எழுந்துபோய், கொட்டகையில் மருந்து டப்பாக்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்து, தெளிப்பான், அளக்கும் குவளை எல்லாம்தான். பழத்தோட்டத்துக் கொட்டகை என்றால் ஏதாவது ஒரு பரணில் இவை இருந்தே தீரும். நாங்கள் குடிபோன பத்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. மருந்து அளக்கும் குவளையில் மகள் மணல் அள்ளி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். பிடுங்கி எறிந்துவிட்டு அவள் கையை எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவினேன் என்று நினைவில்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, மோட்டார் அறைக்கு மாற்றினோம். நீங்களும் மாற்றிவிடுங்கள். டப்பாவிலிருந்து வேறு பாட்டிலுக்கு ஊற்றி மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொன்று, பழைய வீடு என்கிறீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. கதவையும் சுவரையும் உலர்வாகச் சுரண்டினால் பறக்கும் தூசி பெரியவர்களுக்கே கெடுதல், வளரும் பிள்ளைகளுக்கு மூளையையே பாதிக்கும். நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். அந்த நாட்களில் சின்னவன் அங்கே போக வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

முட்டாள்தனம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாவில் பூவிலிருந்து பறிப்புக்கு ஏறக்குறைய 4 மாதம். அப்படியானால் நீங்கள் ஓட்டைப் பிரித்தது பூ வருவதற்கு முன்னால். மேஸ்திரி சொன்ன கணக்குப்படி, பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே புது வீட்டில் இருந்திருப்பீர்கள். அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல மாட்டேன். பழைய வீட்டைப் பிரித்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். எங்கள் வீட்டில் உத்தரத்தின் ஒரு முனை முழுக்கக் கரையான். வெளியே வர்ணம் மட்டும் அப்படியே பளபளவென்று நின்றிருந்தது. அப்புறம் கான்கிரீட். அது பலம் பிடிக்கும் கணக்கையே 28 நாள் என்றுதான் வைத்திருக்கிறார்கள். நாம் பக்கத்தில் நின்று கத்தினால் சீக்கிரம் இறுகிவிடாது. முட்டுக் கொடுத்துக் காத்திருக்கும் நாட்களில் மேஸ்திரி இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார். போனவரைத் திரும்ப வரவழைப்பது தனிக் கலை, எனக்கு இன்றுவரை கைவரவில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை தண்ணீரால் வந்தது. ஒரே மோட்டார். பூச்சு வேலை முடிந்தால் குறைந்தது ஒரு வாரம் சுவர் ஈரமாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விழும். அதே வாரம் எலுமிச்சைக்குத் தண்ணீர் முறை. ‘சுவர் செத்துப்போகாது, மரம் செத்துப்போகும்’ என்றார் கணவர். ‘மரத்துக்கடியில் படுத்துக்கொள்ளுங்கள்’ என்றேன் நான். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மகள்தான் முடித்துவைத்தாள். தூண்களுக்குச் சாக்கைச் சுற்றிவிட்டு, பள்ளிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் வாளியும் குவளையுமாக நனைத்தாள். சுவருக்குப் பாதி, அவளுக்குப் பாதி. மோட்டார் எலுமிச்சைக்குப் போனது.

அந்த எலுமிச்சையில் ஒரு மரத்தைத்தான் பறிகொடுத்தோம். சித்தாள்கள் தினமும் சாயங்காலம் கலவைச் சட்டியையும் கரண்டியையும் அதன் தூரில் கழுவினார்கள். தண்ணீர்தானே, மரத்துக்கு நல்லது என்று நானே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சிமென்ட் கழுவிய நீர் கடும் காரம். மண் காரமாகிவிட்டால் அதில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சில மாதம் கழித்துக் கொழுந்திலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. வருத்தத்தோடு சொல்கிறேன், பார்க்க அழகாகக்கூட இருந்தது. பிறகு கிளை கிளையாகக் காய்ந்தது. கழுவுவதற்கு மரங்களைவிட்டுத் தள்ளி ஒரு குழி வெட்டிக் கொடுங்கள். நிழல் இருக்கிறதே என்று மாமரத்தடியில் ஜல்லியோ மணலோ கொட்டவிடாதீர்கள். மரம் தீனி எடுக்கும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, அவற்றுக்கும் மூச்சு வேண்டும்.

கொட்டகையில் படுப்பதைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்லவில்லை. எனக்கு மறக்கவில்லை. பறித்த மாங்காயைக் காம்பு கீழே பார்க்கக் கவிழ்த்துப் பால் வடியவிடுவார்களே, அந்தச் சட்டத்தை வைக்க இடமில்லாமல் கணவர் என் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார். இரவில் கைக்குழந்தைக்குப் போர்த்த எழுந்தவள் காலை அதில் விட்டேன். மாம்பால் தோலைப் புண்ணாக்கும். மாங்காயின் தோலில் பட்டாலும் கறுத்துத் தழும்பாகும், அதனால்தான் வடியவிடுகிறோம். என் கணுக்காலில் அந்த வருடத்து மகசூலின் தழும்பு இன்னும் இருக்கிறது.

சின்னவன் ‘இங்கேயே இருக்கலாம்’ என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடைகளுக்குப் பக்கத்தில் படுத்துப் பழகிய என் மகள் காலையில் கண்ணைத் திறக்காமலே ‘மூணாவது கூடையில் ஒண்ணு பழுத்திருக்கு’ என்பாள். தேடினால் இருக்கும். பழுத்த ஒரு பழம் விடும் எத்திலீன் வாயு பக்கத்துக் காய்களையும் பழுக்கத் தூண்டும், அதனால் அந்த ஒன்றை முதலில் எடுத்துவிட்டால் மற்றதற்கு இரண்டு நாள் கிடைக்கும். அந்த வருடம் அவள் மூக்கால் எங்களுக்கு மிச்சமான பழம் கொஞ்சநஞ்சமில்லை. புது வீட்டுக்குப் போன அன்று அழுதவள் அவள் ஒருத்திதான்.

கடைசியாக, ஜன்னல்.

எங்கள் வீட்டிலும் ஜன்னல்தான். சமையலறையில் தாழ்வாக, குறுகலாக, சட்டம் உளுத்த ஒன்று. அதை அடைத்து அலமாரி வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னோம். அத்தை மட்டும் கூடாது என்றார். காரணம் கேட்டால் ‘வெளிச்சம்’ என்பார். வெளிச்சத்துக்கு எதிர்ச் சுவரில் பெரிய ஜன்னல் வருகிறதே என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் சண்டையை நிறுத்திவிட்டார். சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டோம். அடைத்தோம். அலமாரி அழகாகவே இருந்தது.

அடுத்த பறிப்பில் பார்க்கிறேன், அத்தை அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஈரக் கையோடு வாசலுக்கு ஓடுகிறார், வருகிறார், மறுபடி ஓடுகிறார். அடி பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே எரிச்சலோடு கேட்டேன், அங்கே என்னதான் இருக்கிறது என்று. ‘ஏறினவன் இறங்கிட்டானான்னு பாக்க வேண்டாமா?’ என்றார்.

மாமா ஒருமுறை அந்தப் பெரிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்ததை முதலில் பார்த்தது அத்தைதான், அந்த ஜன்னல் வழியாக. கல்யாணமாகி 16 வருடம் அதே அடுப்படியில் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாது. இப்போது ஏணியில் நிற்பது அவருடைய மகன்.

அலமாரியை எடுத்துவிட்டுச் சுவரை உடைத்தோம். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே சட்டம் வைத்தார். புதுப் பூச்சும் பழைய பூச்சும் சேரும் இடத்தில் கோடு தெரியும், எத்தனை முறை வர்ணம் அடித்தாலும்.

உங்கள் மாமியார் கேட்கும் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தது என்று கடிதத்தில் இல்லை. சட்டம் வைப்பதற்குள் ஒருமுறை, பறிப்பு நடக்கும் நேரமாகப் பார்த்து, அவரை அந்த இடத்துக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா