ஒட்டுப்போர்வையும் ஒழியாத வேலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நேரம், அளவு, விலை ஆகிய மூன்றையே சுற்றி வந்தன. ஒரே பொருளைக் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். குவில்ட் என்ற சொல்லையே பலர் எழுதியிருப்பதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன். மேல்துணி, இடையில் ஒரு பஞ்சு அடுக்கு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை என்பது அதன் பொருள்.

கேள்வி: வீட்டு வேலையும் அலுவலக வேலையும் போக ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தாலே பெரிது. துணியை எடுத்துப் பரப்புவதற்குள் அதுவும் தீர்ந்துவிடுகிறது. இருபது ஆண்டுகளாக இதையே தொழிலாகச் செய்யும் நீங்கள் ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?

பதில்: தொழிலாகச் செய்பவருக்கு நாள் முழுவதும் தையல்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பு எடுப்பது, துணி வாங்குவது, வாங்கிய துணியைத் துவைத்துப் பார்ப்பது, கூரியருக்குக் கட்டுவது, வாடிக்கையாளரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வது என்று போக, ஒரு வாரத்தில் நான் இயந்திரத்தின் முன் அமரும் நேரம் பாதிக்கும் குறைவுதான். ஆகவே உங்கள் சிக்கலும் என்னுடையதும் அளவில்தான் வேறுபடுகின்றன.

நான் கடைப்பிடிப்பது ஒரே ஒரு வழி. மூளை தேவைப்படும் வேலையையும் கை மட்டும் போதுமான வேலையையும் ஒரே நாளில் கலப்பதில்லை. நிறம் சேர்ப்பது, கட்டங்களை அடுக்கிப் பார்ப்பது, வெட்டுவது ஆகியவை முதல் வகை. இவற்றுக்கு இடையூறு இல்லாத இரண்டு மூன்று மணி நேரம் ஒருசேர வேண்டும். எனக்கு அது ஞாயிறு காலையில், வீடு எழுவதற்கு முன்பு கிடைக்கிறது. இணைப்பது, இஸ்திரி போடுவது, ஓரம் மடித்து ஹெம்மிங் செய்வது ஆகியவை இரண்டாம் வகை. இவற்றை அடுப்பில் குக்கர் இருக்கும்போதுகூடச் செய்யலாம். ஞாயிறன்று வெட்டிய சதுரங்களை ஜோடி ஜோடியாக முகத்தோடு முகம் வைத்து, வரிசை எண் எழுதிய சீட்டுடன் ஒரு தட்டில் அடுக்கி, நான்கு பாபின்களில் நூல் சுற்றி வைத்துவிடுங்கள். பிறகு ஒரு ஜோடி ஊசியைத் தாண்டியதும் நூலை அறுக்காமல் அடுத்த ஜோடியை உள்ளே விடுங்கள். இயந்திரத்தின் பின்பக்கம் மாவிலைத் தோரணம் போல அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். முடிவில் கத்தரியால் மொத்தமாக அறுத்துக்கொள்ளலாம். எழுந்திருக்கும்போது அடுத்த ஜோடியை ஊசிக்குக் கீழே வைத்துவிட்டே எழுந்திருங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்கும் ஐந்து நிமிடமும் மிஞ்சும்.

கேள்வி: எல்லாச் சதுரங்களையும் நாலரை அங்குலத்தில் சரியாகத்தான் வெட்டினேன். 60க்கு 80 அங்குலம் வரவேண்டிய போர்வை, முடிந்தபோது அகலத்தில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. எங்கே போயிற்று?

பதில்: தையலுக்குள் போயிற்று. குவில்ட்டில் தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். இரு பக்கமும் அது போனால் நாலரை அங்குலச் சதுரம் நான்கு அங்குலமாகும்; ஆகவே 60 அங்குலத்துக்கு உங்கள் கணக்குப்படி ஒரு வரிசையில் 15 சதுரங்கள், அவற்றுக்கிடையே 14 தையல்கள். ஒவ்வொரு தையலிலும் நீங்கள் மாகாணி அளவு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக உள்ளே தள்ளித் தைத்திருந்தால் அது இரு பக்கத் துணியிலும் கழிந்து அரைக்கால் அங்குலம் ஆகிறது. 14 அரைக்கால் ஒன்றேமுக்கால் அங்குலம். ரவிக்கை தைத்துப் பழகிய கைகளுக்கே இந்தத் தவறு அதிகம் நேர்கிறது, ஏனெனில் அங்கே பின்னர் பிரித்துவிடுவதற்காகத் தாராளமாகத் துணி விட்டே பழகியிருக்கிறோம்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள்; சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால், ஊசிக்கு வலப்புறம் இயந்திரத்தின் தகட்டில் ஒட்டுநாடாவை மூன்று நான்கு அடுக்காக ஒட்டி வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். அந்த வரம்பு கால் அங்குலத்திற்கு ஒரு நூலிழை குறைவாகவே இருக்கட்டும். துணி மடிந்து திரும்பும் இடமும் சிறிது இடம் பிடிக்கும்.

கேள்வி: தையற்கடையில் தூக்கிப்போடும் வெட்டுத்துணிகளையும், திருப்பூரிலிருந்து எடைக்கு வரும் பனியன் துண்டுகளையும் சேர்த்துத் தைக்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். பனியன் துணி பின்னப்பட்டது, இழுத்தால் நீளும். சட்டைத்துணி நெய்யப்பட்டது, நீளாது. இரண்டையும் இணைத்தால் முதல் துவைப்பிலேயே தையலோரம் சுருங்கி அலையடிக்கும். பனியனைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமெனில் பின்புறம் இஸ்திரியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸ் வைத்து நீட்சியைக் கட்டுப்படுத்திய பிறகே வெட்டுங்கள். தையற்கடைத் துண்டுகளில் எது பருத்தி எது பாலியெஸ்டர் என்று தெரியாவிட்டால் ஓர் இழையை எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல மணந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும்.

ஆனால் கிடைத்ததை வைத்துத் தைப்பதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஆற்றுவளைவு ஊரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்காக அவ்வட்டாரப் பெண்களின் கூட்டுறவு கார்டுராய் தலையணை உறைகள் தைத்தபோது மிஞ்சிய துண்டுகளும் அவர்கள் போர்வைகளில் சேர்ந்தன. கிடைத்த நிறங்கள் சில மட்டுமே என்பதால் அவற்றில் ஒருவகை அழுத்தம் இருக்கிறது. எல்லா நிறமும் கடையில் கிடைக்கும் நம்மிடம் அது சீக்கிரம் வருவதில்லை என்பது என் கருத்து.

கேள்வி: மறைந்த என் தாயாரின் ஆறு பட்டுச்சேலைகளைப் போர்வையாக்க வேண்டும். இரண்டில் சரிகை கறுத்துவிட்டது. வெட்டுவதற்கு மனம் நடுங்குகிறது.

பதில்: நடுக்கம் நல்லதுதான், அவசரப்பட்டு வெட்டியவர்களே பிறகு எனக்கு எழுதுகிறார்கள். முதலில் ஒவ்வொரு சேலையையும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த பட்டு, அந்த மடிப்பு நெடுகவே இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்தில் அது மெல்லிய வெண்கோடாகத் தெரியும். கோட்டின் இருபுறமும் இரு கட்டைவிரல்களை வைத்து மெதுவாக விலக்குங்கள். சர்ரென்று ஓசை வந்தால் அந்தப் பகுதியைத் தையலில் சேர்க்காதீர்கள். உறுதியான பகுதியைக்கூடத் தனியாக நம்ப வேண்டாம். பின்புறம் மெல்லிய பருத்தித் துணியை வைத்து இரண்டையும் ஒன்றாகக் கருதி வெட்டுங்கள். நேரடி இஸ்திரி கூடாது, மேலே ஒரு மல் துணி விரித்துக் குறைந்த சூட்டில் போடுங்கள். போலிச் சரிகையாக இருந்தால் சூட்டில் சுருண்டுவிடும்.

முந்தானைகளை வெட்ட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். உடல்பகுதித் துணி ஒரு போர்வைக்குத் தாராளமாகப் போதும். முந்தானை முழுதாக இருந்தால் பேத்தி ஒருத்தி அதைத் தொட்டு இது பாட்டியின் சேலை என்று அடையாளம் சொல்ல முடியும். துண்டுகளான பிறகு அது வெறும் நிறமாகிவிடுகிறது. இந்தப் போர்வையைத் துவைக்க முடியாது என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளுங்கள். படுக்கையைவிடச் சுவரே இதற்கு ஏற்ற இடம்.

கேள்வி: முதன்முறையாக ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. 45க்கு 60 அங்குலப் போர்வை. பொருட்செலவு 2,400 ரூபாய் ஆகும். எனக்கு 38 மணி நேரம் பிடிக்கும். அவர் 3,500 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: செலவு போக மிஞ்சுவது 1,100 ரூபாய், அதை 38-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 29 ரூபாய். மணிக்கு 150 ரூபாய் என்று அடக்கமாக வைத்தாலும் உங்கள் விலை 8,100 ரூபாய் ஆகிறது. அதைத் தயங்காமல் சொல்லுங்கள். அவரிடம் அவ்வளவு இல்லையெனில், 24க்கு 30 அங்குலத்தில் ஒரு சுவர்த்தொங்கல் தைத்துத் தரலாம். பரப்பு கால் பங்குக்குச் சற்றே கூடுதல், விலையும் அவருக்கு எட்டும். போர்வையின் விலையைக் குறைப்பதற்குப் பதிலாகப் போர்வையைச் சிறிதாக்குவது என்பதே நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது.

இந்தத் துயரம் பழையது. அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, பைபிள் கதைகளைப் பதினொரு கட்டங்களில் துணி ஒட்டித் தைத்த போர்வையை 1886-இல் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரக் கண்காட்சியில் வைத்தார். அதை ஓர் ஓவிய ஆசிரியை கேட்டபோது எந்த விலைக்கும் தரமாட்டேன் என்று மறுத்தார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கியதும் தாமே கொண்டுசென்று பத்து டாலர் கேட்டார், கிடைத்தது ஐந்து. விற்றபோது ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கிச் சொல்ல, வாங்கியவர் அதை எழுதிவைத்துக்கொண்டார். அந்தப் போர்வை இன்று ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் சொன்ன விளக்கம் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் அந்தக் குறிப்புதான். ஆகவே நீங்களும் ஒவ்வொரு போர்வையின் பின்மூலையிலும் பெயர், ஆண்டு, ஊர், யாருக்காகத் தைத்தது என்பவற்றைச் சிறு துணியில் எழுதித் தைத்துவிடுங்கள்.

கேள்வி: சிவப்புச் சுங்குடித் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாமல் நிற்குமா?

பதில்: நிற்காது. சாயத்தொட்டியில் இருக்கும்போது சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு உதவும். ஏறிக் காய்ந்த பிறகு அதற்கு வேலையில்லை. வெதுவெதுப்பான நீரில் தனியாக அலசிக்கொண்டே இருங்கள். ஈரத் துணியை வெள்ளைத் துணியின் மேல் வைத்து இஸ்திரி போடும்போது கறை ஏறாத நாளில்தான் அது வெள்ளைக்குப் பக்கத்தில் அமரத் தகுதி பெறுகிறது.

கேள்வி: அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மணிக்கணக்கில் காத்திருக்கிறேன். இயந்திரம் இல்லாமல், கையோடு கொண்டுபோய்ச் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்துச் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையைப் பாருங்கள். பஞ்சு அடுக்கும் முன்கூட்டிய வரைபடமும் அதற்கு இல்லை. பழைய சேலை ஒன்றை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துணித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டுத்தையல் போட்டபடி ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணங்களை வைத்துப் ‘பூ’ முடிப்பார்கள். அது இல்லாத கவந்தி உடுத்தாத உடம்பு போன்றது என்பது அவர்கள் வழக்கு. தலையணை உறை அளவில் தொடங்கினால் ஒரு துணிப்பையில் அடங்கும். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு இல்லாத இந்தப் போர்வையே பொருத்தம்.

கேள்வி: வெட்டும்போது இடுப்பு ஒடிகிறது.

பதில்: சாப்பாட்டு மேசையின் உயரம் உட்கார்ந்து உண்பதற்கு ஏற்றது, நின்று வெட்டுவதற்கு அல்ல. கால்களுக்கு மரக்கட்டை வைத்துத் தரையிலிருந்து ஏறத்தாழ 36 அங்குலமாக உயர்த்துங்கள். மழுங்கிய பிளேடைத் தூக்கி எறியுங்கள். இரண்டு முறை அழுத்தி இழுக்கும்போதுதான் முதுகு வளைகிறது.

கேள்வி: பாதியில் நிற்கும் வேலைகள் பதினொன்று இருக்கின்றன. புதிதாக ஒன்றைத் தொடங்கவே குற்ற உணர்வாக இருக்கிறது.

பதில்: என்னிடம் பதினான்கு. ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, அடுத்து செய்யவேண்டியது என்ன, ஊசி எண் என்ன, எந்த நூல் என்பதைச் சீட்டில் எழுதி வையுங்கள். சீட்டு எழுதும்போதே எதில் இனி விருப்பம் இல்லை என்பது தெரிந்துவிடும். அவற்றை முடிக்க ஆசைப்படும் ஒரு தோழிக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஊக்கு குத்திய நிலையில் மட்டும் எதையும் கிடப்பில் போடாதீர்கள். மூன்று அடுக்குகளையும் சேர்த்து ஊக்குகளால் பிடித்த போர்வை ஒன்றை, ஐப்பசியில் மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டுத் தை மாதம்தான் எடுத்தேன். மழைக்காலத்து ஈரத்தில் ஒவ்வொரு ஊக்கின் அடியிலும் மிளகு அளவில் துருக்கறை ஏறியிருந்தது. எலுமிச்சையும் வெயிலும் பாதியைப் போக்கின; மீதியின்மேல் சிறு இலைகளை வெட்டி ஒட்டினேன். இப்போது பித்தளை ஊக்குகளே வாங்குகிறேன், அதையும் மழைக்கு முன்பே கழற்றிவிட்டு நூலால் நீண்ட தையல் போட்டு வைக்கிறேன்.