சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயம், போடாவிட்டால் அபராதம் என்று சட்டம் வந்தால் ஆதரிப்பீர்களா?

மாட்டேன். ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போடாதவரை ரோட்டில் நிறுத்தி ரசீது கிழிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நான் தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எங்கள் பிள்ளைகளில் பலர் சைக்கிளில்தான் வருகிறார்கள். அரசு பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிற விலையில்லா மிதிவண்டி. காலை எட்டேமுக்கால் மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் வரிசையாக ஒரே நிறத்தில் வந்துகொண்டிருக்கும். அதனால் இந்தக் கேள்வியை என்னால் வெறும் விவாதமாகப் பார்க்க முடியவில்லை.

இந்தியாவில் இன்றைக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத்தான் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 1,000 ரூபாய். மிதித்து ஓட்டும் சைக்கிள் அந்தச் சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. அதையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதுதான் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற யோசனை.

முதலில் ஹெல்மெட்டின் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். காயம்பட்ட 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களின் விவரம் அதில் இருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயம் 51 சதவீதமும், கடுமையான தலைக்காயம் 69 சதவீதமும் குறைவாக இருந்தது. இதை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. எங்கள் பள்ளிக்கு வரும் வழியில் வேகத்தடையில் தடுமாறி விழுந்து நெற்றியில் தையல் போட்ட பெண் இருக்கிறாள். அன்று ஒரு ஹெல்மெட் இருந்திருந்தால் அந்தத் தையலே தேவைப்பட்டிருக்காது.

ஆனால் ஹெல்மெட் எந்த அடிக்காகச் செய்யப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் என்பது மெல்லிய ஓட்டுக்குள் வைத்த தெர்மோகோல் போன்ற நுரைதான். அடி விழும்போது அந்த நுரை நசுங்கி, தலைக்குப் போக வேண்டிய அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 1078 சோதனையில் அதைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பில் போடுகிறார்கள். கீழே வரும்போது வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஓட்டுகிறவர் தானாகச் சரிந்து விழுந்தால் தலை தரையில் மோதுகிற வேகம் அது. தேசிய நெடுஞ்சாலை 44இல் கார் வருகிற வேகம் எண்பது, நூறு. வேகம் நான்கு மடங்கானால் இயக்க ஆற்றல் பதினாறு மடங்காகும் என்று பதினொன்றாம் வகுப்பில் நானே கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். பின்னாலிருந்து வந்து இடிக்கிற லாரியைக் கணக்கில் வைத்து அந்த நுரையை யாரும் செய்யவில்லை.

எங்கள் பக்கத்தில் பயமே அந்த லாரிதான். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தர்மபுரி, தொப்பூர் என்று நெடுஞ்சாலை நீளத்துக்கும் ஊர்களை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வீடு ஒரு பக்கம், காடு இன்னொரு பக்கம். சுரங்கப்பாதை இருக்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டுமென்றால் மிதிக்கிறவருக்கு அது பெரிய தூரம். அதனால் நடுத்திட்டில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கிறார்கள், இல்லாவிட்டால் ஓரமாக எதிர்த் திசையில் வருகிறார்கள். சர்வீஸ் ரோடு பாதியில் முடிந்து நேராக நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடுகிற இடங்களும் உண்டு. தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கும் எங்களுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய வண்டி பிரேக் பிடிக்காமல் இறங்கினால் முன்னால் போகிறவர் கதி அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவரை இருட்டுகிற நேரத்தில் பின்னாலிருந்து கார் இடித்தது. இடுப்பும் விலாவும் உடைந்தன, தலையில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் சைக்கிளுக்குப் பின்விளக்கு இல்லை, அந்த வளைவில் தெருவிளக்கும் இல்லை. விபத்துக்குப் பிறகு டீக்கடையில் நடந்த பேச்சு முழுக்க "வயசான காலத்துல இவருக்கு எதுக்கு சைக்கிள்" என்பதுதான். இடித்த காரின் வேகத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஹெல்மெட் சட்டத்தின் மீது எனக்கு இருக்கிற மனவருத்தத்தில் பாதி இங்கிருந்து வருகிறது. சட்டம் வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கு ஒரு முத்திரை கிடைத்துவிடும். அடிபட்டவரிடம் முதல் கேள்வியே "ஹெல்மெட் போட்டிருந்தியா?" என்றாகிவிடும்.

சரி, அபராதத்தை யார் கட்டுவார்கள்? தர்மபுரியில் இன்றைக்கு யார் சைக்கிளில் போகிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். கேரியரில் மண்வெட்டி கட்டிக்கொண்டு தலையில் துண்டோடு காட்டு வேலைக்குப் போகிறவர், இரவு வாட்ச்மேன், கீரைக்காரர், சொசைட்டிக்குப் பால் கேன் கொண்டுபோகிறவர், பள்ளிப் பிள்ளைகள். வண்டி வாங்க முடிந்தவர்கள் எப்போதோ டிவிஎஸ்சுக்கு மாறிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் மிதிக்கிறவர்கள். இவர்களில் பலருடைய சைக்கிளைப் பழைய விலைக்குப் போட்டால் இரண்டாயிரம் தேறாது. அதில் மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற ஆயிரத்தை இவர்களுக்கும் போட்டால் பாதி சைக்கிள் போய்விடும். ஐந்நூறு போட்டாலும் ஒரு நாள் கூலி போனது போலத்தான்.

மோட்டார் சைக்கிளுக்கு நம்பர் பிளேட் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. அபராதம் போட்டால் எண்ணோடு பதிவாகும், பிறகு கேள்வி கேட்கவும் முடியும். சைக்கிளுக்கு என்ன இருக்கிறது? கையில் பணம் இல்லாதவரிடமிருந்து எதைப் பிடிப்பார்கள்? சைக்கிளைத்தான். எங்கள் அப்பா காலத்தில் நடந்ததும் இதுதான். சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும், டபுள்ஸ் போகக் கூடாது. மீறினால் பிடித்து நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார்கள். போலீஸ் நிற்கிற முக்கு வந்தால் பின்னால் இருக்கிறவரை இறக்கிவிட்டு, தாண்டியதும் ஏற்றிக்கொள்வார்களாம். அப்பா இதைச் சொல்லும்போது சிரித்தே நான் பார்த்ததில்லை. கூலி வாங்கி வருகிற வழியில் காற்றில்லாத சைக்கிளை நான்கு மைல் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இது நம்ம ஊர் போலீஸைப் பற்றிய குறை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கிற கிங் கவுண்டியில் பெரியவர்களுக்கும் சைக்கிள் ஹெல்மெட் கட்டாயமாக இருந்தது. அபராதம் 30 டாலர்தான், கோர்ட் செலவு சேர்ந்தால் பல மடங்காகும். யார்மீது அந்த அபராதம் விழுகிறது என்று கணக்கெடுத்தபோது, 2017க்குப் பிறகு போட்டதில் கிட்டத்தட்ட பாதி, வீடில்லாமல் தெருவில் வாழ்கிறவர்கள்மீது விழுந்திருந்தது. கறுப்பின மக்களை அவர்கள் சைக்கிள் ஓட்டும் அளவுக்கு மிஞ்சிப் பிடித்திருந்தார்கள். 2022 பிப்ரவரியில் அந்த மாவட்டத்தின் சுகாதார வாரியமே சட்டத்தை எடுத்துவிட்டது. ஹெல்மெட் போடுங்கள் என்று சொல்வதை அவர்கள் நிறுத்தவில்லை, இலவசமாகக் கொடுக்கவும் செய்தார்கள். ரசீது கிழிப்பதை மட்டும் நிறுத்தினார்கள். நான் சொல்வதும் அதையேதான்.

சட்டத்துக்கு முன்னோடி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 1990 ஜூலையில் எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கினார்கள், உலகத்தில் முதல் முறை. பக்கத்து நியூ சவுத் வேல்ஸ் 2016 மார்ச்சில் அபராதத்தை 71 டாலரிலிருந்து 319 டாலராக ஒரே அடியாக ஏற்றியது. அதே நாளில் சைக்கிளை முந்துகிற கார் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்ற விதியும் அங்கே வந்தது. அந்த இரண்டாவது விதியை நம் மாவட்டத்தில் யாராவது கொண்டுவந்தால் மாலை போட்டு வரவேற்பேன். இன்னொரு பக்கம் இஸ்ரேல் 2007இல் எல்லாருக்கும் கட்டாயம் என்று கொண்டுவந்து, 2011இல் ஊருக்குள் ஓட்டும் பெரியவர்களுக்கு மட்டும் தளர்த்திவிட்டது. மெக்சிகோ நகரம் 2010இல் கட்டாயத்தை நீக்கியது. நெதர்லாந்தில் நான்கில் ஒரு பயணத்துக்கு மேல் சைக்கிளில்தான், ஹெல்மெட் போடுகிறவர்கள் மிகக் குறைவு. அங்கே பாதுகாப்பு தனிப் பாதையிலும் ஊருக்குள் குறைத்து வைத்த வேகத்திலும் இருக்கிறது.

என் பெரிய கவலை பெண் பிள்ளைகளைப் பற்றியது. இங்கே ஒரு பெண் பதினொன்றாம் வகுப்புக்கு வருவதே பல வீடுகளில் ஒரு போராட்டம். பள்ளி தூரம், பஸ் நேரத்துக்கு வராது, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும். இந்த மூன்றுக்கும் சைக்கிள் ஒரே பதில். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தவர்கள், மேல்வகுப்பில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். தமிழ்நாடு அதற்கு முன்பே ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளில் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாருக்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. இப்படிக் கிடைத்த சைக்கிளில் வரும் பெண்ணை வழியில் ஒருவர் நிறுத்தி அபராதம் கேட்டால் என்ன ஆகும்? அந்தப் பணத்தைப் பற்றி நான் பேசவில்லை. "ரோட்டுல போலீஸ் நிறுத்துச்சாம்" என்கிற ஒரு வார்த்தை போதும். மறுநாளே வீட்டில் சைக்கிளை எடுக்காதே என்பார்கள், அடுத்த மாதம் பள்ளிக்கே போக வேண்டாம் என்பார்கள். இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் படிப்பை நிறுத்திய வீடுகளுக்குப் போய்க் கெஞ்சியிருக்கிறேன்.

அப்புறம், சட்டம் எழுதுகிறவர்கள் பார்க்காத சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. எங்கள் பெண்கள் இரட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பனால் காதோரம் கட்டி வருகிறார்கள். ஹெல்மெட்டின் வார் இறங்குவதும் அதே இடத்தில்தான். பள்ளி சைக்கிள் நிறுத்தத்தில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் போனால் மாலையில் இருக்காது. வகுப்புக்குள் கொண்டுவந்தால் பெஞ்சில் இடம் இல்லை. ஏப்ரல் வெயிலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டாம்.

"அப்படியானால் மோட்டார் சைக்கிளுக்கும் ஹெல்மெட் சட்டம் வேண்டாம் என்பீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை, அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். அங்கே வேகம் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. அவரால் அடுத்தவர் உயிரும் போகலாம். ஓட்டுவதற்கே அரசு உரிமம் கொடுக்கிறது, நிபந்தனை போட அதற்கு உரிமையும் உண்டு. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். இந்தக் கணக்கை யார் உண்டாக்குகிறார்கள், யார் சுமக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் மிதித்துப் போகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தெரியும்.

எங்கள் பள்ளியில் நாங்கள் செய்வது மிகச் சாதாரணமானது. சைக்கிள் வந்து இறங்கியதும் பின் மட்கார்டிலும் பெடலிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, பெல் அடிக்கிறதா என்று பார்த்து, பக்கத்துக் கடைக்காரரை வைத்துச் சரி செய்கிறோம். நெடுஞ்சாலையைக் கடந்து வருகிற ஊர்ப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்ந்து வரச் சொல்கிறோம். ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு முன்னால் நிற்பார். கேட்கிற எல்லா மனுவிலும் சர்வீஸ் ரோட்டைப் பள்ளி வரைக்கும் இழுங்கள், அந்த வளைவில் ஒரு விளக்குப் போடுங்கள் என்றுதான் எழுதுகிறோம்.

அரசுக்கு ஹெல்மெட்டில் உண்மையாகவே அக்கறை இருந்தால், வரும் ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்குச் சைக்கிள் கொடுக்கும்போது பூட்டு, பம்ப் மாதிரி அதையும் சேர்த்துக் கொடுக்கட்டும். சடைக்கு இடம் விட்ட, காற்றோட்டமான ஹெல்மெட்டாகப் பார்த்துக் கொடுக்கட்டும். போட வைக்கிற பொறுப்பை எங்களிடம் விடுங்கள், பிள்ளைகளிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். ரசீதுப் புத்தகத்தோடு நிற்க ஆள் இருந்தால், அவரைப் பள்ளி விடுகிற நேரத்தில் நெடுஞ்சாலை கடக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். எண்பதில் வருகிற காரை நிறுத்த அங்கே ஆள் தேவைப்படுகிறது.